முதலில் யாரைக் கேட்பது

சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்த மருதாசலம் சொன்னால் சொன்னதுதான். மச்சினன் தனபாலை மேனேஜராக்கி வாசலோரம் மேசை போட்டுக் கொடுத்தார். டிரைவர்கள் முதலில் அவனிடம்தான் போக வேண்டும். அவனுக்கு வேலை தெரியாது. வெகுநேரம் யோசித்துவிட்டு, "உள்ளே அக்காவைக் கேளுங்க" என்பான். அக்கா என்றால் பில் போடும் சிந்தாமணி.

அந்தத் தனபால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் புது ஹார்ட் டிஸ்க் ஒன்றை மாட்டினான். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் கண் விழிப்பதற்குள் லாரிகள் தெருமுனை வரை நின்றன.

"நான் டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள மெஷின் ஓடணும். மாப்பிள்ளை மாட்டினதைக் கழட்டவும் கூடாது. முடியலைன்னா நாளைக்கு வராதே," என்றார் முதலாளி சிந்தாமணியிடம்.

சிந்தாமணி கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். முதலில் வந்த நீலத் திரையில் இரண்டு வரிகளை இடம் மாற்றினாள். டம்ளரில் பாதி டீ இருக்கும்போதே பில் திரை வந்துவிட்டது.

"என்ன பண்ணுனே?"

"என்ன வேலைன்னு மெஷின் புது டிஸ்க்கைத்தான் முதல்ல கேட்டுட்டு இருந்துச்சுங்க. அதுல ஒண்ணுமே இல்லீங்க. அது பதில் சொல்லும்னு காத்துக் கெடந்துட்டுத்தான் பழைய டிஸ்க்குகிட்ட வந்துச்சு. இனி பழசை முதல்ல கேக்கும். புதுசு பாட்டுக்கு அங்கேயே இருக்கட்டுங்க."

முதலாளி சிரித்தார். "ஒண்ணுந்தெரியாததைப் போய் முதல்ல கேக்கணும்னு எந்த மடையன் வெச்சான்?"

சிந்தாமணி வாசல் பக்கம் பார்த்தாள். தனபால் மேசை முன்னால் டிரைவர்கள் வரிசையாக நின்றார்கள்.

"மெஷின்லயா கேக்கறீங்க, ஆபீசுலயாங்க?"

மிச்ச டீ ஆறிப்போனது. மறுநாள் டிரைவர்கள் நேராக உள்ளே வந்தார்கள். தனபாலின் மேசையும் அங்கேதான் இருந்தது, சிந்தாமணியின் மேசைக்குப் பின்னால்.