நடக்கத் தொடங்கிய வில்லாக்கள்

அந்தத் தீவின் தென்கரை முழுக்கச் சங்கு நண்டுகள். மற்ற நண்டுக்கு உடம்பெல்லாம் ஓடு. இதுகளுக்கு இடுப்புக்குக் கீழே வெறும் பஞ்சு. ஒரு கொத்து விழுந்தால் கதை முடிந்தது. அதனால் காலிச் சங்கு எங்கே கிடந்தாலும் உள்ளே புகுந்து, அதையே வீடாக முதுகில் தூக்கிக்கொண்டு திரியும்.

உடம்பு வளரும். சங்கு வளராது. அங்கேதான் சிக்கல்.

அதற்கும் ஒரு வழக்கம் வைத்திருந்தன. பெரிய காலிச் சங்கு ஒன்று கரை ஒதுங்கினால் எல்லாம் ஓடி வந்து வரிசையில் நிற்கும். பெரிய நண்டு முதலில், பொடிசு கடைசியில். பெரியது புதுச் சங்குக்குள் போகும். அதன் பழைய சங்குக்குள் அடுத்தது. அதன் சங்குக்குள் அதற்கடுத்தது. ஒரே ஒரு வீடு வந்தால் ஊரே வீடு மாறிவிடும்.

அந்த வரிசையில் தாண்டவன் முதல். அடுத்து மாடன். அவனுக்குப் பின்னால் நீலி. நீலிக்குப் பின்னால் செம்பி.

செம்பியின் சங்கு எப்போதோ இறுகிவிட்டது. வலது கொடுக்கு உள்ளே போகாது; எந்நேரமும் வெளியேதான் தொங்கும். தோல் உரிக்கிற நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தச் சங்குக்குள் உரித்தால் நெரிந்து சாக வேண்டியதுதான்.

தினமும் அலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சங்கும் ஒதுங்கவில்லை. எப்படி ஒதுங்கும்? எல்லாவற்றையும் கரியன் பொறுக்கிவிட்டானே!

கரியன் ஒரு காகம். வடகரையில் மனிதர்கள் வாடகைக்கு விடும் சொகுசு வில்லாக்களின் குப்பைத்தொட்டியில் தின்று கொழுத்தவன். சோற்றோடு அவர்கள் பேச்சையும் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தான். கடலோரப் பாறையின் இடுக்குகளில் பெரிய சங்குகளை வாய் கடலைப் பார்க்க நிறுத்தினான். அசையாதபடி கூழாங்கல்லை வைத்து அடித்துச் செருகினான். பிறகு கத்தினான்.

"வாங்க, வாங்க! சீ வியூ வில்லா! கண்ணைத் திறந்தா கடல்! காத்துக்குப் பஞ்சமே இல்லை!"

தாண்டவன் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"வாடகை என்னப்பா?"

"உங்ககிட்ட வாடகையா, அண்ணாச்சி! அட்வான்ஸ் போதும். பழைய சங்கைக் கழட்டிக் குடுங்க, மேல் பாறையில பத்திரமா இருக்கும். ஒரே கண்டிஷன், வில்லாவை நகர்த்தக் கூடாது. வியூ போயிடும்!"

தாண்டவன் யோசிக்கவே இல்லை. தொபுக்கென்று உள்ளே புகுந்தான். அவன் பழைய சங்கைக் கரியன் கவ்விக்கொண்டு பறந்தான்.

செம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணே! அது மாடனுக்கு வரணும். மாடனோடது நீலிக்கு. நீலியோடது எனக்கு! தூக்கிக் காக்காகிட்ட குடுத்துட்டியே!"

"வரிசையாவது மண்ணாங்கட்டியாவது! வேணும்னா நீயும் ஒரு வில்லா எடு. ஆகா, கடல் எப்படி மின்னுது பாரு!"

மாடனும் எடுத்தான். பார்த்தவர்கள் எல்லாரும் எடுத்தார்கள். பாறையில் ஒரே கும்மாளம்.

செம்பியும் போனாள். பொய் எதற்கு, அவளுக்கும் ஆசைதான். ரோஸ் நிறத்தில் ஒரு சங்கு அவள் அளவுக்கே நின்றது. கொடுக்கை விட்டுப் பார்த்தாள். முழுசாக உள்ளே போனது! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பிடிச்சிருக்கா தங்கச்சி? பழசைக் கழட்டு" என்றான் கரியன்.

"ஒரு தடவை தூக்கிப் பாக்கட்டுமா?"

"வில்லாவை யாராச்சும் தூக்குவாங்களா!"

"பெரிய அலை வந்தா?"

"வியூ இன்னும் அமோகமா இருக்கும்!"

"நான் வெளியே வரணும்னா?"

கரியன் அலகைப் பாறையில் இப்படியும் அப்படியும் தீட்டினான். "தாராளமா வா. நான் இங்கேதானே உக்காந்திருப்பேன்."

அந்த அலகைப் பார்த்ததும் செம்பிக்கு உறைத்தது. பழைய வீடு மேல் பாறையில். புது வீடு இடுக்கில். வெளியே வந்தால் வெறும் உடம்பு, எதிரே காக்கா. இது வீடு இல்லை, சாப்பாட்டுத் தட்டு!

"எனக்கு வேண்டாம். எல்லாரும் வெளியே வந்துருங்க! இவன் நம்மைத் தின்னப் பாக்குறான்!"

"அவளுக்குக் கிடைக்கலைன்னு வயித்தெரிச்சல்!" என்று மாடன் சிரித்தான். அந்த ரோஸ் சங்குக்குள் நீலி புகுந்துகொண்டாள். "கொஞ்சம் இறுக்கம்தான். ஆனா கலர் எவ்வளவு அழகு!"

செம்பி பாறையிலிருந்து இறங்கிப் போனாள்.

அமாவாசை வந்தது. அன்று சாயங்காலம் கடல் ஏறியது. வியூ எந்தப் பக்கமோ அலையும் அந்தப் பக்கம்தானே! வாயைத் திறந்து நின்ற சங்குகளுக்குள் தண்ணீரும் மணலும் அள்ளி அடித்தன. இந்த நண்டுகள் கரையில் வாழ்கிறவை. தண்ணீருக்குள் கிடந்தால் மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

"ஐயோ, யாராச்சும் வாங்களேன்!" என்று தாண்டவன் அலறினான்.

மேலே கரியன் சிறகைக் கோதினான். "வெளியே வாங்க அண்ணாச்சி, நான் பாத்துக்கிறேன்!"

செம்பி மேட்டு மணலில்தான் இருந்தாள். பத்திரமான இடம். 'நல்லா வேணும்' என்று ஒரு நிமிடம் நினைத்தாள். நீலி இருமுகிற சத்தம் கேட்டது. அதற்கு மேல் நிற்க முடியவில்லை. பாறையில் ஏறினாள்.

கரியன் பாய்ந்தான். உள்ளே போகாத அந்தக் கொடுக்கு வெளியேதானே இருந்தது! அவன் காலைக் கவ்வி ஒரே நெரி. "கா!" என்று அலறிப் பறந்தான்.

செம்பி ரோஸ் சங்கின் அடியிலிருந்த கூழாங்கல்லைப் பிடுங்கி எறிந்தாள். "நீலி! காலை ஊனு, தூக்கு!"

"நகர்த்தக் கூடாதுன்னு சொன்னானே..."

"அடி போடி! சாகப்போறே, இதுல கண்டிஷன் வேறயா! அது சங்குடி, உனக்குக் கால் இருக்கு, தூக்கு!"

நீலி தூக்கினாள். வில்லா எழுந்து நடந்தது! இரண்டு பேருமாக மாடனின் கல்லைப் பிடுங்கினார்கள். அவன் வந்து அடுத்தவனுடையதைப் பிடுங்கினான். கடைசியில் எல்லாருமாகச் சேர்ந்து தாண்டவனை விடுவித்தார்கள்.

"என் வில்லா! என் வில்லா நடந்து போகுதே!" என்று கரியன் ஆகாயத்தில் வட்டமடித்தான். எந்த வில்லாவைக் கொத்துவான்? எல்லாம் கல்லு மாதிரி கெட்டி. அவனே தேடித்தேடிப் பொறுக்கியது!

விடிந்தபோது கடல் இறங்கியிருந்தது. மேல் பாறையில் கரியன் பதுக்கிய பழைய சங்குகளையும் அலை உருட்டிக் கரையில் போட்டிருந்தது. பொடி நண்டுகள் அவற்றைச் சுற்றிக் கூத்தாடின. நடுவில் யாரும் குடியேறாத ஒரு பெரிய சங்கு கிடந்தது.

எல்லாரும் தாண்டவனைப் பார்த்தார்கள். அவன் செம்பியைப் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"என்ன வேடிக்கை? வரிசையில நில்லுங்க! செம்பி, எங்கே ஒதுங்குறே? நீலிக்குப் பின்னாடி வா!"

தாண்டவன் பெரிய சங்குக்குள் போனான். அவனுடையதற்குள் மாடன். மாடனுடையதற்குள் நீலி. ரோஸ் சங்கு செம்பிக்கு. கொடுக்கை உள்ளே இழுத்தாள், முழுசாகப் போனது. இந்தத் தடவை தூக்கியும் பார்த்தாள். அதுவும் வந்தது.

"கலர் உனக்குத்தான்டி பொருந்துது" என்றாள் நீலி.

கரியன் நொண்டிக்கொண்டே வடகரைக் குப்பைத்தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தான்.

வீடு எத்தனை அழகாக இருந்தாலும், உள்ளே போகுமுன் வெளியே வர வழி உண்டா என்று பார். நீ விட்டுப் போகிற இடம் உன் பின்னால் நிற்கிறவனுக்குச் சேருமா என்றும் பார்.