தலைவருக்கு உறவில்லாத மச்சினன்

தென்காசியில் துப்பறியும் கதை ரசிகர்கள் சேர்ந்து ஒரு மன்றம் நடத்தினார்கள். ஆண்டுதோறும் சிறந்த கதைக்கு விருது கொடுப்பார்கள். சொந்தக்காரர் கதைக்கு நடுவர் ஓட்டுப் போடக் கூடாது என்பது விதி. நடுவர்களில் ஒருவரான தலைவர் ஞானசுந்தரமோ மச்சினன் இளவழகனுக்கே ஓட்டுப் போட்டுவிட்டு, விழாவில் அறிவிப்புச் செய்ய வந்த தவமணியைக் கூப்பிட்டார்.

"விதியும் மீறக் கூடாது, விருதும் அவனுக்குத்தான். நீதான் சமாளிக்கணும். முடியாதுன்னா இனிமே மன்றத்துப் பக்கமே வராதே."

"அவர் உங்களுக்கு உறவே இல்லைன்னு சொல்லிட்டா விதி மீறினதாகாதே, சார்?"

"அப்படியே சொல்லிடு."

தவமணி மேடையேறினாள். "விருது பெறும் இளவழகன் நம் தலைவருக்கு எந்த விதத்திலும் உறவில்லை. இதைத் தலைவரே சொல்லச் சொன்னார்."

முன்வரிசையில் அக்காவின் பக்கத்திலிருந்து இளவழகன் எழுந்தான். "அப்போ உங்க பொண்ணுக்கு யார் மடியில வச்சுக் காது குத்தினீங்க, மாமா?"

அரங்கமே சிரித்தது. ஞானசுந்தரத்தின் மனைவியான அந்த அக்கா மட்டும் சிரிக்காமல் அவரையே பார்த்தாள். அவர் தலை குனிந்தபடி மைக்கை வாங்கினார்.

"என் மச்சினன்தான். என் ஓட்டு செல்லாது."

அந்த ஓட்டு போனதும் விருது வேறொருவருக்குப் போயிற்று. விழா முடிந்து அக்காவும் தம்பியும் ஒரே ஆட்டோவில் ஏறினார்கள். வாசலில் நின்ற அவரை யாரும் ஏறச் சொல்லவில்லை.