மூன்றாம் தடவை கருகிய போர்டு

“டீச்சர், இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை. ஆளை விடுங்க.”

சவரிமுத்து போர்டை மேசைமேல் வைக்கவில்லை, போட்டார். ஐம்பது வயது மனுஷனுக்குக் கோபம் வந்தால் வேறென்ன செய்வார்?

தமயந்தி டீச்சருக்கு முப்பத்து நாலு வயது. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டுத் திண்டுக்கல்லில் வீட்டு மிஷின்களின் சர்க்யூட் போர்டு ரிப்பேர் கடை போட்டார். சவரிமுத்து இருபது வருஷம் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றியவர். போர்டு வேலையும் படித்துவிட வேண்டும் என்று டீச்சரிடம் வந்து ஆறு மாதம் ஆகிறது.

“யாரோட போர்டு?”

“அந்தப் பரிமளம் வீட்டு வாஷிங் மிஷின். மூணாவது தடவை.”

“எது போயிருக்கு?”

“ட்ரையாக். தண்ணியை வெளியே தள்ளுற பம்புக்குக் கரண்ட் விடுமே, அந்த மூணு கால் சாமான்.”

“போன தடவை?”

“அதேதான்.”

“அதுக்கு முந்தி?”

“அதேதான் டீச்சர்! நல்ல சாமானாத்தான் போட்டேன். அந்தம்மாதான் சரியில்லை. போர்வை, விரிப்புன்னு மூட்டை மூட்டையாத் திணிக்குது. கருகாம என்ன செய்யும்? போன தடவை கடைக்கு வந்தப்பவே மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“அந்தம்மா வாயே திறக்கல. இன்னிக்குப் போர்டைக் கொண்டுவந்த வீட்டுக்காரர்தான் சொன்னார். இன்னொரு தடவை போச்சுன்னா மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுருவாராம். படுத்த படுக்கையா ஒரு மாமியார் வேற இருக்கு அந்த வீட்ல.”

டீச்சர் சாமான் பெட்டியைத் திறந்தார். புது ட்ரையாக்கை எடுத்து நீட்டினார்.

சவரிமுத்து பற்றவைத்தார். குறை சொல்ல முடியாத வேலை, அதில் மனுஷனை அசைக்க முடியாது.

பம்பு இருக்கவேண்டிய இடத்தில் டீச்சர் ஒரு பல்பை மாட்டினார். சுவிட்சைப் போட்டார். பல்பு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. இரண்டு பேரும் டீ குடித்து முடித்தார்கள். அப்போதும் எரிந்து அணைந்துகொண்டிருந்தது.

“இங்க கருகலையே அண்ணே?”

“இங்க எப்படிக் கருகும்? இங்க வெறும் பல்புதானே மாட்டியிருக்கோம்.”

தன் வாயால் சொன்னது தன் காதிலேயே விழவில்லை, பாவம்.

டீச்சர் எழுந்தார். சவரிமுத்து பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைப் பிடுங்கி, வயரைச் சுற்றி, டிராயரில் வைத்துப் பூட்டினார். மீட்டரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“போயிட்டு வாங்க.”

“எங்க?”

“அந்த வீட்டுக்கு.”

“டீச்சர், நம்ம கடைக்குப் போர்டுதானே வரும்? பையில போட்டுக் கொண்டு வருவாங்க, பையில போட்டுக் கொடுப்போம். மிஷினை எவன் போய்ப் பாக்கிறான்?”

“அதான். போயிட்டு வாங்க.”

முணுமுணுத்துக்கொண்டேதான் போனார்.

பரிமளத்தின் வீட்டுக்காரர் முன்னறையில் போன் பார்த்துக்கொண்டிருந்தார். “பின்னாடி போங்க,” என்று கையைக் காட்டினார்.

பின்கட்டில் பரிமளம் துவைகல் முன்னால் குனிந்திருந்தாள். பக்கத்தில் மூன்று வாளி. எல்லாம் மாமியாரின் விரிப்புகள். சவரிமுத்துவைக் கண்டதும் பதறி எழுந்து ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். சோப்பு தின்ற கை. விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது.

“அண்ணே, நீங்க சொன்னதிலேர்ந்து ரெண்டு துணிக்கு மேல போடவே இல்லைண்ணே. சத்தியமா. மிச்சத்தையெல்லாம் கையாலதான் துவைச்சேன். அப்படியும் போயிடுச்சு. நான் என்ன தப்புப் பண்றேன்னே தெரியல.”

“அவ கை அப்படி!” முன்னறையிலிருந்து குரல் வந்தது. “அவ தொட்டது எது உருப்பட்டிருக்கு?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சவரிமுத்துவுக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. மிஷின் பக்கம் போனார். பிளக்கைப் பிடுங்கினார். மிஷினைச் சாய்த்து, அடியிலிருந்த பம்பின் வயரைக் கழற்றக் குனிந்தார்.

குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வாடை. காயில் கருகின வாடை. இருபது வருஷம் அதை மோந்து மோந்து சோறு தின்ற மூக்கு அது. மீட்டரே தேவையில்லை.

இருந்தாலும் வைத்துப் பார்த்தார். குறைந்தது நூற்றைம்பது ஓம் காட்டவேண்டிய இடத்தில் இருபதைக் காட்டியது. உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், பம்பு கரண்டை அள்ளி அள்ளி இழுத்திருக்கிறது. ஒரு துணி போட்டாலும் ட்ரையாக் போகும். ஒன்றுமே போடாவிட்டாலும் போகும்.

ஐயோ என்றிருந்தது. கூடவே சந்தோஷமும் தாங்கவில்லை. உடனே போனை எடுத்தார்.

“டீச்சர்! கண்டுபிடிச்சிட்டேன்! போர்டு மேல ஒரு குத்தமும் இல்ல. பம்புக் காயில் ஷார்ட்டு. புதுப் பம்பு மாட்டினாப் போதும், மிஷின் பத்து வருஷம் ஓடும். நான் ஒரு மடையன் டீச்சர், என் தொழிலையே நான் பாக்கல!”

“நல்லது அண்ணே. அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?”

“யார்கிட்ட?”

டீச்சர் போனை வைத்துவிட்டார்.

சவரிமுத்து திரும்பிப் பார்த்தார். பரிமளம் மறுபடி துவைகல்லில் குனிந்திருந்தாள்.

போனைச் சட்டைப்பையில் போட்டார். அவளிடம் போகவில்லை. நேரே முன்னறைக்குப் போய், வீட்டுக்காரர் எதிரே நின்றார்.

“தங்கச்சி,” என்று பின்கட்டுக்குக் கேட்கும்படி கூப்பிட்டார். “துணியை வச்சிட்டுக் கொஞ்சம் இங்க வாம்மா. நான் சொல்லப்போறதை நீயும் கேக்கணும், இவரும் கேக்கணும்.”