பாக்கியசீலி கேட்ட பாடம்

“அடக்க ஆராதனை நடத்த எனக்குக் கத்துத் தருவியளா?” என்று பாக்கியசீலி கேட்டாள்.

கோயில் வாசலில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. குருவானவர் சுகிர்தா, தன் காதில் விழுந்தது சரிதானா என்பதுபோல அவளைத் திரும்பிப் பார்த்தார்.

சற்று முன்புதான் ஆராதனையில் அவர் அறிவித்திருந்தார். சபை வேலை குருவானவரோடு முடிந்துபோவதில்லை. பாடகர் குழுவுக்குக் குரல் வேண்டும். ஓய்வுநாள் பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்து வரலாம். கோயிலில் வேதம் வாசிக்கலாம். சனிக்கிழமை சாயங்காலம் வகுப்பு நடக்கும். குரு போக முடியாத சிற்றூர்களில் ஆராதனை நடத்தவும் பயிற்சி உண்டு. பேராயர் அனுமதி கொடுத்துவிட்டார். யார் வேண்டுமானாலும் வரலாம்.

வந்தவர்களில் பாதிப் பேர் பிரசங்கம் செய்யத்தான் கேட்டார்கள்.

“அடக்க ஆராதனை மட்டுமா?”

“அது மட்டும்.”

“வேதபாடம் வேண்டாமா? பாட்டு?”

“அதெல்லாம் மத்தவுக படிக்கட்டும், ஐயரம்மா.”

சுகிர்தாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அந்த உப்பளத்து ஊருக்கு வந்த முதல் பெண் குரு. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ஊர் கொஞ்ச நாள் தடுமாறியது. குருவை ‘ஐயர்’ என்றே கூப்பிட்டுப் பழகிய ஊர் என்பதால், பிறகு ‘ஐயரம்மா’ என்றே நிலைத்துவிட்டது.

பாக்கியசீலி அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சத்துணவில் ஆக்கிப்போட்டு ஓய்வு பெற்றவள். புருஷன் இறந்துவிட்டார். பிள்ளை குட்டி இல்லை என்று ஊரில் சொல்வார்கள்.

“ஏன்னு கேக்கலாமாம்மா?”

“கேக்காதீய.”

சுகிர்தா ஜெபப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை வகுப்பில் மற்றவர்கள் சந்தேகம் கேட்டார்கள், வாதாடினார்கள், சிரித்தார்கள். பாக்கியசீலி கடைசி பெஞ்சில் இருந்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும்.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள் அவள் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நின்றபடியே முழு ஆராதனையையும் பார்க்காமல் சொன்னாள்.

“ஒண்ணும் விட்டுப்போகலம்மா,” என்றார் சுகிர்தா. “சொல்லும்போது யாரைப் பாத்தீங்க?”

பாக்கியசீலி யோசித்தாள்.

“சுவரத்தான் பாத்தேன்.”

“வாங்க. ஒரு வீட்டுக்குப் போகணும்.”

அந்த வீட்டில் லாரி டிரைவர் ஒருவர் இறந்து, அடக்கமும் முடிந்திருந்தது. மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சுகிர்தா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அந்த அம்மா பேசினாள். அவருக்குக் குழம்பில் புளி தூக்கலாக இருக்க வேண்டும். வெளியூர் போனால் போன் போட மாட்டார். ஒருமுறை ஓசூரிலிருந்து ரோஜாச் செடி வாங்கி வந்தார், அது பிழைக்கவில்லை. சொன்னதையே திரும்பச் சொன்னாள். சுகிர்தா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அவள் தோளில் கை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

தெருவில் பாக்கியசீலி கேட்டாள்.

“ஒரு ஜெபம்கூடச் சொல்லலியே, ஐயரம்மா?”

“அவங்க இன்னும் பேசி முடிக்கலையே.”



அடுத்த மாதம் உப்பளத் தொழிலாளர் குடியிருப்பில் பிரிசில்லாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தலைச்சன். மறுநாளே போய்விட்டது.

சேதி வந்த கொஞ்ச நேரத்தில் சபை மூப்பர் கோயில்பிள்ளை குருமனைக்கு வந்தார். ஆராதனைக்கு மணி அடிப்பதும் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். கெட்ட மனிதர் அல்ல. வழக்கம் தவறினால் தூக்கம் வராது அவருக்கு.

“ஐயரம்மா, பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகல. அதனால நம்ம கல்லறையில எடம் குடுக்க முடியாது. ஆராதனையும் கிடையாது. முந்தியிருந்தே அப்படித்தான். வெளிய எங்கயாவது வச்சிரச் சொல்லுங்க.”

சுகிர்தா வாதாடவில்லை.

“அந்த வீட்டுக்குத்தான் கிளம்புறேன். கூட வாங்க, மூப்பரே.”

வழியில் பாக்கியசீலியையும் கூப்பிட்டுக்கொண்டார்.

வீடு என்பது ஒரே அறை. பிரிசில்லா பாயில் சுருண்டு கிடந்தாள். அவள் புருஷன் எபனேசர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். நடுவில் ஒரு சின்ன மரப்பெட்டி. அதை எடுக்க யாரும் முன்வரவில்லை.

சுகிர்தா குனிந்து பெட்டியை எடுத்தார். கோயில்பிள்ளையின் கைகளில் வைத்தார்.

“கொஞ்சம் பிடிங்க. நான் கதவைத் திறக்கணும்.”

கதவு திறந்துதான் இருந்தது.

கோயில்பிள்ளை பெட்டியைப் பார்த்தார். சுகிர்தாவைப் பார்த்தார். மறுபடி பெட்டியைப் பார்த்தார்.

“கனமே இல்லியே,” என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுபோல.

எங்கே போக வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரே முன்னால் நடந்தார். பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தார். கல்லறைத் தோட்டத்துக் கதவு வந்ததும் இடுப்பில் இருந்த சாவியை ஒரு கையால் எடுத்துத் திறந்தார். தன் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“இங்க வெட்டுங்க,” என்றார்.

குழி தயாரானதும் சுகிர்தா பாக்கியசீலியிடம் திரும்பினார்.

“நீங்க நடத்துங்கம்மா.”

“நானா?”

“இதுக்குத்தானே படிச்சீங்க?”

பாக்கியசீலி குழியின் தலைமாட்டில் போய் நின்றாள். இந்த முறை சுவர் எதுவும் இல்லை. அவள் குழியையே பார்த்தாள். சொல்ல ஆரம்பித்தாள். குரல் எங்கும் நிற்கவில்லை. ஆண்கள் தலை குனிந்து நின்றார்கள். எபனேசர் அப்போதுதான் வாய்விட்டு அழுதான்.

எல்லாம் முடிந்தது. இரண்டு பெண்கள் தாங்கிப் பிடிக்க, பிரிசில்லா பாக்கியசீலியிடம் வந்தாள். அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“எம் பிள்ளைக்கு நல்லாச் சொன்னீய, பெரியம்மா.”

பாக்கியசீலி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் அவளும் சுகிர்தாவும் மட்டும் பாத்தி வரப்பில் நடந்தார்கள். இரண்டு பக்கமும் உப்பு குவித்திருந்தது. வெயிலில் கண் கூசியது.

“ஐயரம்மா, இனி நான் வகுப்புக்கு வரல.”

“ஏம்மா?”

“தப்புப் பண்ணிட்டேன்.”

“ஒரு வார்த்தை தப்பலையே.”

“வார்த்தை தப்பல. அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லல.”

சுகிர்தா நின்றார்.

“எனக்கும் ஒருத்தி பெறந்தா. காலையில பெறந்தா, பொழுது சாயயில போயிட்டா. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்கு ஒண்ணும் கிடையாதுன்னு அப்பம் இருந்த உபதேசியார் சொல்லிட்டாவ. எங்க வீட்டுக்காரவுக துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போனாவ. வந்து கை கழுவுனாவ. சோறு போடுன்னாவ. போட்டேன்.”

“எங்க வச்சாங்க?”

“நான் கேக்கல. அவுக சொல்லல. சாகுற வரைக்கும் சொல்லல.”

காற்றில் அவள் சேலைத் தலைப்பு படபடத்தது. அவள் அதைப் பிடிக்கவில்லை.

“அவுக செத்தப்ப எல்லாம் முறையா நடந்துது. அன்னைக்குத்தான் அந்த ஆராதனைய முழுசாக் காது குடுத்துக் கேட்டேன். இவ்வளவு வார்த்தை இருந்திருக்கே, அவளுக்கு ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுக்க ஒருத்தருக்கும் மனசு வரலியேன்னு இருந்துச்சு. நானே படிச்சிட்டா என்னன்னுதான் உங்ககிட்ட வந்தேன்.”

அவள் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“இன்னைக்குக் குழிக்குள்ள எனக்குப் பிரிசில்லா பிள்ளை தெரியல. எம் பிள்ளைதான் தெரிஞ்சா. அவளப் பாத்துத்தான் எல்லாத்தையும் சொன்னேன். பெத்த வயிறு காயாத அந்தப் புள்ள என் கையப் பிடிச்சிக் கண்ணுல ஒத்துதா. அவ பிள்ளைக்கு உள்ளத நான் திருடிட்டேன், ஐயரம்மா.”

சுகிர்தா சுற்றிலும் பார்த்தார். பாத்திகள், வரப்புகள், தூரத்தில் உடைமரங்கள்.

“இந்த ஊர் மண்ணுலதானே எங்கயோ இருக்கா?”

“வேற எங்க கொண்டு போயிருப்பாவ? நடந்துதான் போனாவ. ஒடனே வந்துட்டாவ.”

சுகிர்தா செருப்பைக் கழற்றி வரப்போரம் வைத்தார். சுடுமண்ணில் வெறுங்காலோடு நின்றார்.

“அவளுக்கு மொதல்ல இருந்து சொல்லுங்கம்மா.”

“இங்கயா?”

“இங்கதான்.”

“அப்பம் நீங்க சொல்லுங்க, ஐயரம்மா. நீங்கதான குரு.”

சுகிர்தா சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டார். நாலடி பின்னால் தள்ளிப் போய், கைகளைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்தார்.

“நான் துக்கத்துக்கு வந்திருக்கேன்,” என்றார்.