மருத்துவமனைப் படியில் ஓர் அமைச்சர்

ஞானசிகாமணிக்கு அறுபத்திரண்டு வயது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றபின் மலையடிவாரத்து மடத்தில் சேர்ந்தவர். மடத்தின் தலைவி செங்கமலத்தம்மைக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. இருந்தும் அந்த அம்மையைத்தான் அவர் குருவாக ஏற்றிருந்தார்.

ஒருநாள் மடத்துச் சமையல்காரரைப் பார்க்க இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். திரும்பும்போது வாசலில் ஒரே கூட்டம்.

அமைச்சர் அரங்கராசன் படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கார் விபத்தில் சிக்கிய அவருடைய ஒரே மகள் சற்று முன்புதான் இறந்திருந்தாள். வேட்டி விலகியதுகூட அவருக்குத் தெரியவில்லை. சுற்றிலும் செல்போன்கள். காவலுக்கு வந்த இரண்டு போலீஸ்காரர்களால் எதுவும் செய்ய முடியவில்லை.

"சார், மகள்கிட்ட கடைசியா என்ன பேசினீங்க?" மைக் அவர் முகத்தில் இடித்தது.

ஞானசிகாமணியும் செல்போனை எடுத்தார்.

"எதற்கு ஐயா?" என்றார் அம்மை.

"ஊர் பார்க்கட்டும் அம்மா. எங்கள் ஏரியைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது இந்த ஆள்தான். தடுக்க உட்கார்ந்தவர்களை அடிக்கச் சொன்னதும் இவர்தான். நாங்கள் மண்ணில் விழுந்து அழுதபோது, எல்லாம் நாடகம் என்று பேட்டி கொடுத்தார்."

அம்மை தோளில் கிடந்த காவிப் போர்வையை எடுத்து உதறினார். கூட்டத்துக்குள் புகுந்து, அமைச்சருக்கு முன்னால் நின்று, போர்வையின் ஒரு முனையை உயர்த்திப் பிடித்தார். மறுமுனை தரையில் புரண்டது.

"யாரும்மா நீ? நகரு!" ஒரு கேமராக்காரர் கத்தினார்.

அம்மை நகரவில்லை. "ஐயா, வந்து இந்தப் பக்கத்தைப் பிடியுங்கள்."

"இந்தக் கையைத்தான் அம்மா அன்றைக்கு உடைத்தார்கள். இன்னும் தூக்க வரவில்லை."

"அப்படியானால் மற்றக் கையால் பிடியுங்கள்."

மற்றக் கையில் செல்போன் இருந்தது.

ஞானசிகாமணி அதன் திரையைப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுப் போய் முனையைப் பிடித்தார்.

"எந்தக் கட்சிய்யா நீ?" என்று யாரோ கேட்டார்கள். யாரோ முழங்கையால் இடித்தார்கள். போர்வைக்குப் பின்னால் அமைச்சரின் குரல் மட்டும் கேட்டது.

"பெல்ட் போடுன்னு சொன்னேனே பாப்பா... சொன்னேனே..."

ஞானசிகாமணி பிடியை இறுக்கிக்கொண்டார். கார் வரக் கால் மணி நேரம் ஆனது. அமைச்சர் இவர்களை நிமிர்ந்தும் பார்க்காமல் ஏறிப் போனார்.

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அங்கே வந்ததும் ஞானசிகாமணி கேட்டார்.

"அடுத்த வாரம் ஏரிக் கூட்டம் அம்மா. நான்தான் முதலில் பேச வேண்டும். இதையெல்லாம் பார்த்தபின் இவரை எதிர்த்து எனக்குக் குரல் எழும்புமா?"

"எழும்ப வேண்டும் ஐயா. நானும் வந்து முன்வரிசையில் உட்காருகிறேன். அவர் அழுததைக் காட்டித்தான் ஏரியை மீட்க வேண்டும் என்கிற அளவுக்கு உங்கள் நியாயம் இளைத்துவிடவில்லையே."