இறால் ஓட்டுப் பஞ்சு

கல்லூரியில் இருபத்தாறு வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்த ஆவுடையப்பன், ஐம்பத்திரண்டாம் வயதில் மறுபடியும் மாணவரானார். குரு, பல் அறுவை மருத்துவர் ஸுலைகா. சீடரைவிடப் பதினாறு வயது இளையவர்.

ஆவுடையப்பன் இறால் ஓட்டிலிருந்து ஒரு பஞ்சு செய்திருந்தார். வெள்ளையாக, ஊதினால் பறக்கிற மாதிரி இருக்கும். கண்ணாடித் தட்டில் ரத்தம் விட்டு அதை வைத்தால், நாற்பதே விநாடியில் கட்டிவிடும்.

"வாய்க்குள்ள எத்தனை விநாடியில நிக்கும், டாக்டர்?"

பஞ்சோடு ஸுலைகாவின் ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு இதே கேள்விதான்.

"தெரியாது, சார்" என்பார் ஸுலைகா.

பஞ்சை நோயாளிகளிடம் சோதிக்க அனுமதி கிடைத்த பிறகு, முதலில் வந்தவள் பிரகாசி. இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை. இதயத்தில் செயற்கை வால்வு வைத்திருந்தார்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தினம் ஒரு மாத்திரை. அதை நிறுத்தினால் வால்வுக்கு ஆபத்து. நிறுத்தாமல் பல்லைப் பிடுங்கினால் ரத்தம் லேசில் நிற்காது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செய்யுங்க டாக்டரம்மா. இந்தப் பல்லோட தூங்கிப் பத்து நாளாச்சு" என்று கையெழுத்துப் போட்டாள்.

பல் வந்தது. குழியில் பஞ்சை வைத்து, மேலே துணியை மடித்து வைத்தார் ஸுலைகா.

"அரை மணி நேரம் கடிச்சே இருக்கணும். பேசக் கூடாது. சார், நீங்க பக்கத்துல இருங்க. எடுத்துப் பாக்காதீங்க."

அடுத்த நாற்காலியில் ஒருவர் தாடையைப் பிடித்துக்கொண்டு முனகினார். ஸுலைகா அங்கே போனார்.

ஆவுடையப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பது விநாடி. ஒரு நிமிஷம். உள்ளே என்ன நடக்கிறது? அவரால் உட்கார முடியவில்லை.

"லேசா திறங்கம்மா."

துணியை ஓரமாகத் தூக்கினார். ரத்தம் கசிந்தது. வைத்துவிட்டார். மூன்று நிமிஷம் கழித்து இன்னொரு தடவை. கசிவு குறைந்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஆறாவது நிமிஷமும் தூக்கினார்.

இந்தத் தடவை துணியோடு பஞ்சும் ஒட்டிக்கொண்டு வந்தது. பஞ்சோடு, அப்போதுதான் பிடித்திருந்த ரத்தக்கட்டியும் வந்தது.

பிரகாசியின் முகவாயில் ரத்தம் வழிந்து சேலையில் சொட்டியது. அவள் அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"டாக்டர்!"

ஸுலைகா ஓடி வந்தார். குழியை விரலால் அழுத்திக்கொண்டே கேட்டார்.

"எத்தனை தடவை திறந்தீங்க?"

"மூணு."

அவர் திட்டவில்லை. புதுப் பஞ்சு வைத்தார், துணி வைத்தார், தாடையைச் சேர்த்துப் பிடித்தார்.

"சார், இந்தப் பஞ்சை எப்படிச் செய்றீங்கன்னு இவங்களுக்குச் சொல்லுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

ஆவுடையப்பன் தயங்கியபடி ஆரம்பித்தார். "ஷெட்டுல நீங்க ஒதுக்குற ஓடும்மா இது."

பிரகாசியின் புருவம் ஏறியது. தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். இதா?

"அதேதான். தலையும் ஓடும் சேர்த்து வாங்கிட்டு வருவோம்..."

வேண்டாம் என்று கை ஆட்டினாள். தன் தலையைத் தொட்டு, தூரத்தில் எறிகிற மாதிரி காட்டினாள். மூக்கைப் பிடித்தாள்.

"தலையைத் தள்ளிடணுமா? அதுலதான் நாத்தமா?"

ஆமாம் என்று கண்ணை மூடித் திறந்தாள்.

"ரெண்டு வருஷமா ஆய்வுக்கூடமே நாறுது! யாரும் சொல்லலியே!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டே தோள் குலுங்கச் சிரித்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அமிலத்தில் சுண்ணாம்பு கரைவதைச் சொன்னார். காரத்தில் ஒட்டியிருக்கிற சதை போவதைச் சொன்னார். எந்த இறாலின் ஓடு நல்லது என்று கேட்டார். அவள் விரலால் நீளம் காட்டினாள், நிறத்துக்குத் தன் சேலைக் கரையைக் காட்டினாள். அவர் தப்புத்தப்பாக ஊகித்தார். அவள் மறுபடியும் காட்டினாள்.

"வாயைத் திறங்கம்மா" என்று ஸுலைகாவின் குரல் கேட்டபோதுதான் அவர் நிமிர்ந்தார்.

ஸுலைகா துணியை ஈரப்படுத்தி மெதுவாக எடுத்தார். குழிக்குள் பஞ்சும் ரத்தமும் ஒன்றாகி, கருஞ்சிவப்பாக அசையாமல் இருந்தது. ஒரு சொட்டுகூடக் கசியவில்லை.

பிரகாசி முதலில் கேட்டது, "சார், அந்த ஓடு எப்படி இவ்வளவு லேசாச்சு?"

"கரைச்சு, உறைய வச்சு, தண்ணியை மட்டும் வெளியே எடுத்துடுவோம்மா" என்றவர், குருவின் பக்கம் திரும்பினார். ஆவலை அடக்க முடியவில்லை.

"எப்ப நின்னுச்சு, டாக்டர்?"

"தெரியாது, சார்."

"அப்ப அதை எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?"

ஸுலைகா பிரகாசியின் முகவாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே கேட்டார்.

"உங்களுக்குத் தெரியணுமா சார், இவங்களுக்கு நிக்கணுமா?"