அரை விநாடி

"என் எடிட்டருக்குப் பதினேழு கணினி மொழி தெரியும், டீச்சர். ஆனாலும் ஒருத்தரும் ஒரு வாரத்துக்கு மேல வச்சுக்கிட மாட்டேங்காங்க."

நெல்லையப்பன் மடிக்கணினியை மேசைமேல் வைத்தார். நிரல் எழுதுவதற்கான அந்த எடிட்டரை ஒன்பது வருடம் தனி ஆளாக உழைத்துச் செய்திருந்தார்.

சபூரா டீச்சர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனால் அவருக்கு முதல் கணினி மொழியைக் கற்றுக்கொடுத்தவர்.

"எங்க தப்புன்னு சொல்லுங்க. தெரியலைன்னா இன்னைக்கே எல்லாத்தையும் அழிச்சிருதேன். இதைத் தவிர எனக்கு வேற எதுவும் மிச்சமில்லை."

டீச்சர் ஒரு வரி எழுதத் தொடங்கினார். பாதியில் யோசிக்க நிறுத்தினார்.

மீதி வரி தானாக வந்து விழுந்தது.

அழித்துவிட்டு மறுபடி தொடங்கினார். மறுபடியும் விழுந்தது.

வேறு மொழிக்கு மாறினார். அங்கேயும் அதே கதை.

"என்ன அண்ணாச்சி இது? பந்தியில கையை நீட்டி மறிச்சாலும் சாம்பாரை ஊத்திட்டுப் போறவர் மாதிரி."

நெல்லையப்பன் சிரித்தார்.

"பதினேழுக்கும் பொதுவா வச்சது அது ஒண்ணுதான். எழுதுறவங்க அரை விநாடி நின்னா, மீதியை அதுவே முடிச்சிரும்."

"ஏன் அரை விநாடி?"

"அதுக்கு மேல எனக்குப் பொறுக்காது."

"வீட்டுல மதினிகிட்டயும் அப்படித்தானா?"

"முப்பது வருஷம். கோமு கண்ணை மூடுற வரைக்கும். 'ஏங்க, அந்த'ன்னு ஆரம்பிப்பா. மீதியை நான் சொல்லிருவேன்."

"சரியா இருக்குமா?"

"தப்புன்னு அவ சொன்னதே இல்லை."

டீச்சர் திரையைப் பார்த்தார். நெல்லையப்பன் அதற்குள் பேச வாயெடுத்தார். டீச்சர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. திரையில், முடியாத வரியை எடிட்டர் எப்போதோ முடித்திருந்தது.

"கடைசியா, ஆஸ்பத்திரியில" என்றார் நெல்லையப்பன். அதற்கு மேல் வரவில்லை.

டீச்சர் முடித்துக் கொடுக்கவில்லை. காத்திருந்தார்.

வெகுநேரம் கழித்து நெல்லையப்பனே சொன்னார்.

"'ஏங்க, எனக்கு'ன்னு ஆரம்பிச்சா. தண்ணிதானேன்னு ஓடிப்போய்க் கொண்டாந்து கொடுத்தேன்."

"மதினி குடிச்சாங்களா?"

"தம்ளரை வாங்கிக் கையிலேயே வச்சிருந்தா."